றேடியோ மாமிக்குத் தெரியாத ஒன்று

எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டில் என்ன கறி என்பதை, அந்த வீட்டுக்காரர் சாப்பிட உட்காருமுன்பே அறிந்து வைத்திருந்த ஒரு பெண் இருந்தார். ஒழுங்கை முழுவதும் அவரை றேடியோ மாமி என்றுதான் சொல்லும். முகத்துக்கு நேரேயும் அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் கோபித்துக்கொண்டதே இல்லை. "றேடியோ எண்டாக் காசு குடுத்து வாங்கவேணும். நான் சும்மா வந்து சொல்லுறன்" என்பார்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஒழுங்கை அது. பதினாலு வீடுகள், ஒரு தண்ணீர்க் குழாய், முடிவில் ஒரு நெல் ஆலை. தோப்பூரிலிருந்தும் ஈச்சிலம்பற்றிலிருந்தும் வள்ளத்தில் வந்து இறங்கும் நெல்லை அங்கே புழுக்கிச் சீமெந்துத் தளத்தில் பரப்புவோம். காலால் கிளறிக் காயவைத்து, மழை தூறினால் ஓடிப்போய்க் குவித்து மூடுவோம். நாங்கள் இருபது பெண்கள். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. ஐயா படுக்கையில் விழுந்துவிட்டதால் எங்கள் வீட்டு அடுப்பு என் கூலியில்தான் எரிந்தது.

மாமி செய்தி சேர்க்கிற விதமே தனி. யாரையும் துருவித் துருவிக் கேட்கமாட்டார். குப்பைக் கிடங்கைப் பார்ப்பார். மீன் செதிள் பெரிதென்றால் கொடுவா, சின்னதென்றால் கீரி மீன், ஒன்றும் இல்லையென்றால் அந்த வீட்டில் சண்டை. கொடியில் காயும் சேலையைப் பார்த்து யார் ஊருக்குப் போய் வந்தார் என்பார். வாசலில் கிடக்கும் அந்நியச் செருப்பைப் பார்த்து, ஆள் நடந்து வந்தாரா, மூதூரிலிருந்து லோஞ்சுப் படகில் வந்தாரா என்று சொல்லிவிடுவார். நானே ஒருமுறை சோதித்துப் பார்த்தேன். சரியாகச் சொன்னார்.

ஆனால் ஒரு நியாயம் வைத்திருந்தார். "கண்டதைச் சொல்லுவன். காணாததைச் சொல்லமாட்டன்." சும்மா வாய்ப்பேச்சு இல்லை அது. ஒருமுறை மூன்றாம் வீட்டுப் பெண் ஒரு பொடியனோடு லோஞ்சில் ஏறிப் போய்விட்டாள் என்று ஒழுங்கை முழுவதும் சொல்லிவிட்டார். ஏறியதைக் கண்டது உண்மை. பொடியன் யாரென்பதுதான் பிழையாகிப்போனது. அவன் அவளுடைய தமையன்; கொழும்பில் வேலை செய்து, மீசை வளர்த்துக்கொண்டு வந்திருந்தான். இருவரும் தோப்பூரில் சின்னம்மாவைப் பார்க்கப் போயிருந்தார்கள்.

அடுத்த நாள் காலை மாமி எங்கள் வாசற் படலையில் நின்றார். தலை வாரியிருக்கவில்லை.

"பிள்ளை, நேற்று நான் சொன்னது பிழை. அது தமையன். நீ ஆருக்கும் சொன்னனியே?"

"ஆலையில ஆமினாவுக்குச் சொன்னனான் மாமி."

"போய் அவளிட்டயும் பிழை எண்டு சொல்லு. இப்பவே போ."

பதினாலு வீட்டுக்கும் அப்படியே போனார். கடைசியாக அந்தப் பெண்ணின் தாயிடம் போய், முற்றத்து வெயிலில் நின்றபடி, அவர் ஏசி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ஒழுங்கை மாமியைத் திட்டியதுபோல வேறு எவரையும் திட்டியதில்லை. நம்பியதுபோலவும் எவரையும் நம்பியதில்லை.

இப்படிப்பட்ட மாமிக்கு வாய்த்த மாமாவோ, ஒரு நாளில் பத்துச் சொல் பேசினால் காய்ச்சலோ என்று தொட்டுப் பார்க்கவேண்டிய மனிதர். துறைமுகத்தில் கப்பலை இழுக்கும் படகில் வேலை. வெற்றிலை போட்ட வாயில் எப்போதும் ஒரு சிறு சிரிப்பு இருக்கும். அந்தச் சிரிப்புக்கு என்ன அர்த்தம் என்பது மாமிக்கே தெரியாது.

தேர்தல் வந்தால் இருவரும் குளித்து, வெள்ளை உடுத்துப் பள்ளிக்கூடத்துக்கு ஒன்றாக நடந்து போவார்கள். வாக்குப் போட்டுவிட்டு மாமி படி இறங்குமுன்பே தான் யாருக்குப் போட்டேன் என்று சொல்லிவிடுவார். ஒருமுறை கடமையிலிருந்த பொலிஸ்காரர் அவரிடம், "அம்மா, அதை மனசுக்குள்ள வைச்சிருங்கோ" என்று கெஞ்ச வேண்டியதாயிற்று. மாமா அப்படியல்ல. திரும்பி நடக்கும்போது மாமி கேட்பார்.

"ஆருக்குப் போட்டனீங்கள்?"

மாமா வானத்தை அண்ணாந்து பார்ப்பார்.

"மழை வரும்போலக் கிடக்கு."

கல்யாணமான நாள் முதல் இதே கேள்வி, இதே பதில். ஒழுங்கையில் எல்லாருக்கும் இது தெரியும் என்று நினைக்காதீர்கள். அப்போது ஒருவருக்கும் தெரியாது. மாமாவின் வாக்கைப் பற்றி யாரும் மாமியிடம் கேட்டதில்லை. அவருக்குத் தெரியாமல் இருக்குமா என்று நாங்களே முடிவு கட்டியிருந்தோம். மாமியும் அந்த நினைப்பைக் கலைக்கவில்லை. தெரியாது என்ற சொல் அவர் வாயிலிருந்து வந்து அதுவரை நான் கேட்டதில்லை.

பிறகு ஒரு நகரசபைத் தேர்தல் வந்தது. எங்கள் வட்டாரத்தில் ஆலை முதலாளி போட்டியிட்டார். ஏற்கெனவே அவர்தான் உறுப்பினர். அவரை எதிர்த்து, சந்தியில் தையல் மெசின் வைத்திருந்த, நானா என்று நாங்கள் கூப்பிடும் தையல்காரர் நின்றார். முதலாளி கொடியவர் என்று சொல்லமாட்டேன். தீபாவளிக்கும் சேலை தருவார், பெருநாளுக்கும் தருவார். ஆனால் எங்கள் குழாய்க்கு வரும் தண்ணீர் முதலில் அவருடைய ஆலைத் தொட்டியை நிரப்பிவிட்டுத்தான் எங்களுக்கு வரும். காலை பத்துமணி வரை குழாயில் காற்றுத்தான்; பின்னேரமும் விட்டு விட்டுத்தான் வரும். விடிய எழுந்து குடத்தோடு நின்றுவிட்டு, நிரம்பாத குடத்தை அம்மாவிடம் விட்டுவிட்டு வேலைக்கு ஓடுவோம். தையல்கார நானா ஒரேயொரு வாக்குறுதிதான் தந்தார்: ஒழுங்கைக்குத் தனிக் குழாய். நாங்கள் இருபது பேரும் அவருக்குத்தான் என்று ஏறக்குறைய முடிவாகிவிட்டது.

வாக்களிப்புக்கு மூன்று நாள் இருக்கும்போது, மதியச் சாப்பாட்டு நேரம் முதலாளி தளத்துக்கு வந்தார். சத்தம் போடவில்லை. குனிந்து ஒரு பிடி நெல்லை எடுத்துக் கையில் உருட்டிக்கொண்டே பேசினார்.

"வோட்டுக் கடதாசியில நம்பர் அடிச்சிருக்கும், தெரியுந்தானே? கடதாசியைக் கிழிச்செடுக்கிற அடிக்கட்டையில உங்கட இடாப்பு நம்பரோட அதே நம்பரும் இருக்கும். எண்ணி முடிஞ்ச உடன எல்லாம் எனக்கு வந்திடும். ஆர் ஆருக்குப் போட்டது எண்டு நான் பாப்பன். மற்றப் பக்கம் போட்டவை அடுத்த நாள் இஞ்ச வரத் தேவையில்லை."

நெல்லைத் தளத்தில் போட்டுவிட்டுப் போய்விட்டார். நாங்கள் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தோம், ஒருவரும் சாப்பிடவில்லை. கடதாசியில் இலக்கம் இருப்பது உண்மை. முன்னம் வாக்குப் போட்டவர்கள் கண்டிருந்தார்கள். அதுதான் பயத்தைக் கூட்டியது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் சிரித்திருப்போம்.

அன்று பின்னேரம் குழாயடியில் ஆமினா சொன்னாள். என் பக்கத்தில் நின்று நெல் கிளறுகிறவள் அவள். "நான் போகமாட்டன். காய்ச்சல் எண்டு படுத்திடுவன். எங்கட வாப்பாக்கும் வேலையில்ல." இன்னொருத்தி முதலாளிக்கே போட்டுவிடுகிறேன் என்றாள். தண்ணீர் இல்லாவிட்டால் கிணறு தேடலாம், வேலை இல்லாவிட்டால் எங்கே போவது என்று கேட்டாள். நானும் என் மனதுக்குள் முதலாளிக்குப் புள்ளடி போட்டு முடித்துவிட்டேன். ஐயாவின் மருந்துப் போத்தல்தான் கண்ணுக்குள் நின்றது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் போட்டுவிட்டேன்.

மாமி குடத்தோடு வந்து எல்லாவற்றையும் கேட்டார். குடத்தை அங்கேயே மறந்துவிட்டுப் போனார்.

மறுநாள் குடையைப் பிடித்துக்கொண்டு, அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு நடந்து போனாராம். காணாததைச் சொல்லமாட்டாரே. அங்கே தேர்தல் வேலை பார்க்கும் எழுதுவினைஞரைப் பிடித்துக் கேட்டிருக்கிறார். கள்ள வாக்கு விழுந்ததென்று வழக்கு வந்தால் பார்ப்பதற்குத்தான் இலக்கம் என்றும், எண்ணி முடிந்ததும் எல்லாவற்றையும் கட்டி முத்திரை வைத்துவிடுவார்கள் என்றும், நீதிமன்றம் சொல்லாமல் எவரும் பிரிக்க ஏலாது என்றும் அவர் சொல்லியிருக்கிறார். பின்னேரம் மாமி குழாயடிக்கு வந்து இதை ஒரு சொல் பிசகாமல் எங்களுக்குச் சொன்னார்.

ஒருத்தியும் நம்பவில்லை.

"கச்சேரி ஐயாமார் முதலாளியின்ர காரிலதானே போகினம் மாமி" என்றாள் ஒருத்தி.

"முத்திரையை நீங்கள் கண்டனீங்களோ?" என்று ஆமினா கேட்டாள்.

அந்தக் கேள்வி மாமியைத் தைத்துவிட்டது. காணவில்லைத்தான். குழாய் கொரகொரவென்று காற்றை விட்டுக்கொண்டிருந்தது. பிறகு குடத்தைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார். அவருடைய முகம் அப்படிச் சிவந்து நான் பார்த்ததில்லை.

"சரி. நான் கண்டதைச் சொல்லுறன். ஒருத்தரும் சிரிக்கப்படாது."

நாங்கள் சுற்றி நின்றோம்.

"இந்த ஒழுங்கையில எனக்குத் தெரியாத கதை இருக்கோ?"

"இல்லை மாமி."

"இருக்கு. ஒண்டு இருக்கு. என்ர மனுசன் ஆருக்கு வோட்டுப் போடுறவர் எண்டு எனக்குத் தெரியாது."

யாரோ ஒருத்தி ஓட்டைக் குடத்தில் தண்ணீர் போனதுபோல ஒரு சத்தம் போட்டாள். மாமி அவளை முறைத்துவிட்டுத் தொடர்ந்தார்.

"பதினெட்டு வருசமாக் கேக்கிறன். வழியில கேட்டா மழை வருமெண்டுவார். நண்டுக் கறி வைச்சுக் குடுத்துக் கேட்டனான். எல்லா நண்டையும் திண்டுபோட்டு, உப்புக் கொஞ்சம் கூட எண்டார். றிசல்ட் சொல்லேக்க றேடியோவைப் பாக்காம அவரின்ர முகத்தைப் பாத்துக்கொண்டிருந்தனான். வெண்டவனுக்கும் அதே சிரிப்பு, தோத்தவனுக்கும் அதே சிரிப்பு. ஒருக்கா, இஞ்சருங்கோ உங்கட ஆள் வெண்டிட்டாராம் எண்டு சும்மா சொல்லிப் பாத்தன். ஆர் எண்டு கேப்பார், பிடிச்சிடலாம் எண்டு நினைச்சன். அந்த மனுசன், நல்லது எண்டுபோட்டுத் தலைக்கு எண்ணெய் வைக்கப் போயிட்டுது."

அதற்குமேல் எங்களால் முடியவில்லை. ஆமினா சிரித்துச் சிரித்துக் குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மாமிக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார்.

"அடுப்படியும் படுக்கையும் எனக்குத்தான். அவரின்ர உடுப்பைத் தோய்க்கிறதும் நான்தான், பொக்கற்றைப் பாக்கிறதும் நான்தான். என்னாலேயே கண்டுபிடிக்க ஏலாததை, உங்கட முதலாளி ஆலைக்குள்ள கதிரையில இருந்துகொண்டு கண்டுபிடிப்பாரோ? என்னைவிடக் கெட்டிக்காரனோ அவர்?"

ஒழுங்கை முழுவதும் நம்புகிற வாய் அது. அந்த வாய் தன் மானத்தைக் குழாயடியில் இறக்கி வைத்துவிட்டுச் சொன்னது. இதற்குமேல் எங்களுக்கு முத்திரையும் வேண்டியிருக்கவில்லை, நீதிமன்றமும் வேண்டியிருக்கவில்லை. மாமியை அன்று எனக்குப் பிடித்ததுபோல வேறு எவரையும் பிடித்ததில்லை.

வாக்களிப்பு நாளில் இருபது பேரும் போனோம். காய்ச்சல்காரி ஆமினாதான் வரிசையில் முதல் ஆள். எனக்கு அதுதான் முதல் வாக்கு. தட்டி மறைவில் கடதாசியை விரித்தபோது இலக்கம் என்னைப் பார்த்தது. அந்த நேரம் பார்த்து, நண்டை எல்லாம் தின்றுவிட்டு உப்புக் கூட என்று சொன்ன மாமா நினைவுக்கு வந்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதிகாரி எட்டிப் பார்த்து, "என்ன பிள்ளை?" என்று கேட்டார். "ஒண்டுமில்லை ஐயா" என்று புள்ளடி போட்டு, மடித்துப் பெட்டிக்குள் போட்டேன்.

யாருக்குப் போட்டேன் என்று நான் இங்கே எழுதப்போவதில்லை.

தையல்கார நானா வென்றார். கொஞ்ச வாக்குத்தான் வித்தியாசம். அடுத்த நாள் காலை முதலாளி ஆலை வாசலில் கதிரை போட்டு உட்கார்ந்து, உள்ளே போகும் ஒவ்வொருத்தியின் முகத்தையும் பார்த்தார். "ஆருக்குப் போட்டனீ?" "உங்களுக்குத்தான் முதலாளி." அடுத்தவள். "உங்களுக்குத்தான் முதலாளி." இருபது பேரும் அவருக்குத்தான் போட்டிருந்தோம். ஆமினா ஒரு படி மேலே போய், அவர் தோற்றதற்குக் கண்ணைக்கூடக் கசக்கினாள். முதலாளி பாவம், கதிரையை மடித்து எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். யாரை வேலையால் நிறுத்துவது? இருபது பேரையும் நிறுத்தினால் மழைக்கு நெல்லை யார் குவிப்பது?

அன்று பின்னேரம் அவருடைய கங்காணி மாமியைத் தேடி வந்தார். ஒழுங்கைக் கதை எல்லாம் தெரிந்தவர், யார் யாருக்குப் போட்டார்கள் என்பதும் தெரிந்திருக்குமே என்று கேட்டாராம். மாமி படலையைப் பிடித்துக்கொண்டு, "தெரியாது" என்றார். உண்மையாகவே தெரியாது என்பதுதான் அவருக்கு வேதனை. கங்காணி போனதும் நேரே என்னிடம் வந்தார்.

"பிள்ளை, எனக்கு மட்டும் சொல்லு. ஆருக்குப் போட்டனீ?"

நான் வானத்தைப் பார்த்தேன்.

"மழை வரும்போலக் கிடக்கு மாமி."

மாமி என் முதுகில் ஓர் அடி வைத்தார். நன்றாகவே நொந்தது. ஆனால் என்ன செய்வது, அவர் விதைத்ததுதானே. அதற்குப் பிறகு ஒழுங்கையில் ஒருத்தியும் அவருக்குத் தன் வாக்கைச் சொல்லவில்லை. மாதக்கணக்கில் அந்தப் பதிலைத்தான் வீடு வீடாக வாங்கிக்கொண்டு திரிந்தார்.

நானாவின் குழாய் வர இரண்டு வருடம் பிடித்தது. வந்தது மாமியின் படலைக்கு நேர் முன்னால். அதன் பிறகு மாமி செய்திக்காக வெளியே போகவேண்டிய தேவையே இருக்கவில்லை. பதினாலு வீட்டுச் செய்தியும் குடத்தோடு அவர் வாசலுக்கு வந்தது.

ஆண்டுகள் போயின. நான் கல்யாணமாகி அடுத்த ஒழுங்கையில் குடியிருந்தேன். நாட்டில் தேர்தலைப் பற்றிய பயக் கதைகள் கூடிக்கொண்டு வந்தன. போட்டு என்ன பயன் என்று கேட்கிறவர்களும் கூடினார்கள். எழுபதுகளில் ஒருநாள் மாமாவுக்கு வயிற்றில் ஒப்பரேசன் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் மாமிக்குச் சாப்பாடு கொண்டு போயிருந்தேன். தாதி வந்து, இன்னும் கொஞ்ச நேரத்தில் கொண்டுபோவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். மாமாவின் முகம் வெளிறியிருந்தது. வாயில் வெற்றிலை இல்லாததால் அந்தச் சிரிப்பும் இருக்கவில்லை.

"இஞ்சரும்" என்றார். "கிட்ட வாரும். ஒவ்வொரு முறையும் ஆருக்குப் போட்டனான் எண்டு சொல்லுறன். நீரும் கேட்டுக் களைச்சுப் போனீர். பிறகு சொல்ல ஏலாமப் போனாலும்."

மாமா ஒரே மூச்சில் அவ்வளவு பேசி நான் கேட்டதில்லை. மாமி கட்டில்பக்கம் குனிந்து காதைக் கொடுத்தார். அவருடைய கண் மின்னியதை நான் கண்டேன். முப்பது வருடமாகத் தேடியது, அரையடி தூரத்தில். மாமா வாயைத் திறந்தார். மாமி தன் உள்ளங்கையால் அந்த வாயைப் பொத்தினார்.

"சொல்லாதேங்கோ."

மாமா கைக்குள்ளிருந்து ஏதோ கேட்டார்.

"சொன்னா நான் பின்னேரம் குழாயடியில சொல்லிப்போடுவன். என்ர வாயை எனக்குத் தெரியும். அந்தப் பெட்டையளுக்கு நான், ஒருத்தராலயும் அறிய ஏலாது எண்டு சொன்னனான். அது பொய்யாப் போயிடும். வேண்டாம். நீங்கள் திரும்பி வாங்கோ, எனக்கு அது போதும்."

கை மாமாவின் வாயில் இருக்கும்போதே மாமி அழுதுவிட்டார். நானும் அழுதேன்.

மாமா திரும்பி வந்தார். ஒரு மாதத்தில் வெற்றிலையும் போட்டார், சிரிப்பும் வந்தது. மாமி அதற்குப் பிறகு என்னைக் காணும்போதெல்லாம், "ஒரு காதால எண்டாலும் கேட்டிருக்கலாமடி" என்று புலம்பினார்.

அடுத்த பொதுத் தேர்தலுக்கு இருவரும் வெள்ளை உடுத்துக்கொண்டு போனார்கள். மாமா பொல்லு ஊன்றித்தான் நடந்தார். வாக்குப் போட்டுவிட்டு வரும்போது நான் அவர்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தேன். வறண்ட கச்சான் காற்றடிக்கும் காலம். தார் வீதி கொதித்தது. ஆலைச் சந்தி தாண்டியதும் மாமி கேட்டார்.

"ஆருக்குப் போட்டனீங்கள்?"

மாமா நின்று, பொல்லை ஊன்றி, வானத்தை அண்ணாந்து பார்த்தார். நானும் பார்த்தேன். துறைமுகத்திலிருந்து கோணேசர் மலை வரைக்கும் ஒரு பொட்டு முகில் இல்லை.

"மழை வரும்போலக் கிடக்கு."

காணாததை எந்நாளும் நம்பாத மாமி, சேலைத் தலைப்பை எடுத்து நனையாமல் தலையில் போட்டுக்கொண்டு, அவரோடு நடந்தார்.